முன்னாட் படைவீரரும் இருக்க ஓர் இல்லமும்

திருக்கோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் ஆழத்தையும் பரப்பையுமே எடுத்துப் பேசுவர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒருவர்பின் ஒருவராக வந்து இத்துறைமுகத்துக்காகப் பொருதமையை வரலாறு படித்த நேயர்கள் அறிவர். கோணேசர் மலையடியில் நிற்கும் கோட்டையும், சீனக்குடாவில் வரிசை வரிசையாக நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளும் அவ்வரலாற்றின் சான்றுகள். ஆயின் இத்துறைமுகத்துக்கு மற்றொரு வரலாறும் உண்டு. கப்பலுக்கும் கோட்டைக்கும் தொழிற்றளத்துக்கும் தம் இளமையைக் கொடுத்துவிட்டுச் சேவை முடிந்த நாளில் இருக்க இடமின்றி நின்ற மாந்தரின் வரலாறு அது.

படைச்சேவையை விட்டவருள் எத்துணைப் பேர் வீடற்றவர்? அவர் வீடற்றுப் போனதற்குக் காரணம் யாது? இவ்விரு வினாக்களும் பல நாடுகளில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றன. இவை அறிஞர் தம்முள் வாதிட்டுக் கலையும் வினாக்கள் அல்ல. தொகை இவ்வளவு என்று முடிவாகும்போதே அரசு ஒதுக்கும் பணமும் முடிவாகின்றது. காரணம் இன்னதென்று முடிவாகும்போது வைத்தியசாலை கட்டுவதா, காணி கொடுப்பதா, தொழில் கற்பிப்பதா என்பதும் முடிவாகின்றது. விடை பிழைத்தால் மழைக்கு ஒதுங்க இடமின்றி நிற்பவன் மேலும் சில ஆண்டுகள் அவ்வாறே நிற்பான்.

முதலில் தொகையைப் பற்றிய விவாதத்தை நோக்குவோம். இலண்டன் மாநகரில் 1990களின் பிற்பகுதியில் நடந்த ஓர் ஆய்வு, அந்நகரின் வீடற்றவருள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முன்பு படையிற் சேவை செய்தவர் எனக் கூறிற்று. 2008இல் யோர்க் பல்கலைக்கழகத்தார் அதே நகரில் ஆராய்ந்தபோது நூற்றுக்கு ஆறு பேர் என்ற அளவே கிடைத்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, ஓர் இரவில் வீடற்றிருக்கும் முன்னாட் படைவீரர் 250,000 பேர் என்ற மதிப்பீடு 1990களில் பரவலாக வழங்கிற்று. பின்னர் ஆண்டுதோறும் சனவரி மாதத்தில் ஓர் இரவைக் குறித்துத் தெருவிலும் தங்குமடங்களிலும் உள்ளோரைத் தலைக்கணக்கு எடுக்கும் முறை வந்தது. அம்முறையின்படி 2010இல் 74,087 பேர் எண்ணப்பட்டனர். 2024இல் 32,882 பேர்.

இத்துணை வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? ஒரு பகுதி உண்மையான மாற்றத்தால் நேர்ந்தது. இலண்டனில் இடைப்பட்ட ஆண்டுகளில் படையை விட்டு நீங்குவோருக்கு உதவும் நிலையங்கள் பெருகின. அமெரிக்காவிலும் அரசு பெருஞ்செலவு செய்தது. மற்றொரு பகுதியோ எண்ணும் முறையால் நேர்ந்தது. ஒருவன் பூங்காவில் படுத்தால் வீடற்றவன். தமக்கை வீட்டுத் திண்ணையிற் படுத்தால் வீடற்றவன் அல்லன் என்று விதி வகுத்துவிட்டால் எண்ணிக்கை குறையும். ஒருவன் சில வாரங்கள் மட்டுமே படைப்பயிற்சி பெற்று விலகியிருந்தால் அவனையும் படைவீரன் எனலாமா என்பதும் இத்தகைய வினாவே. எண்ணுவோன் கையிலுள்ள தாளில் வீடு, படைவீரன் என்னும் இரு சொற்களுக்கும் எழுதப்பட்டுள்ள பொருளே தொகையைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றது.

இவ்விரு சொற்களையும் திருக்கோணமலைக்குக் கொண்டுவந்து உரைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

வீடு என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். குளிர்நாட்டு நகரங்களிற்போல, தெருவோரத்தில் வரிசையாகப் படுத்துறங்கும் முன்னாட் படைவீரரை இத்துறைமுகப் பட்டினத்திற் காண்பது அரிது. இங்கே வீடின்மை வேறு உருவங்களில் ஒளிந்து நிற்கும். மாமனார் வளவின் ஒரு மூலையிற் கிடுகு வேய்ந்து குடியிருப்பவன் ஒருவன். அரசினர் காணியில் அனுமதிப்பத்திரம் இன்றித் தகரக் கொட்டகை போட்டிருப்பவன் ஒருவன். இராக்காவல் வேலை ஏற்று, காவலறையையே இல்லமாகக் கொண்டவன் ஒருவன். உத்தியோக விடுதியை விட்டு வெளியேறுமாறு கடிதம் பெற்றும், செல்ல இடமின்மையால் நாட்களைக் கடத்துபவன் மற்றொருவன். அமெரிக்கத் தலைக்கணக்கின்படி இந்நால்வருள் ஒருவன்கூட எண்ணப்படுவது ஐயமே. இலங்கையின் குடிசன மதிப்பீடோ, ஒரு குடும்பம் தன் சொந்த வீட்டில் இருக்கின்றதா, வாடகைக்கு இருக்கின்றதா, வாடகையின்றி இருக்கின்றதா, அத்துமீறிக் குடியிருக்கின்றதா என வினவுகின்றது. வாடகையின்றி, அத்துமீறி என்னும் இவ்விரு கட்டங்களிலேதான் இவ்வூர் வீடின்மை பெரும்பாலும் மறைந்து கிடக்கும் என்க.

அடுத்து, படைவீரன் என்னும் சொல். இதன் பொருளைப் பற்றிய வழக்கு இலங்கையில் மிகப் பழையது. முதலாம் உலகப் போருக்குப்பின் ஆண்டுதோறும் நவம்பர் 11இல் பொப்பி மலர் விற்று, முன்னாட் படையினரின் நலனுக்காகப் பணம் திரட்டும் வழக்கம் இந்நாட்டுக்கும் வந்தது. திரண்ட பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குச் சென்றது. இந்நாட்டு முன்னாட் படையினருள் வறியோர் கைவிடப்பட்டனர் என்ற குறை எழுந்தது. ஆதலின் 1931இல் இலங்கை முன்னாட் படையினர் சங்கத்தின் சார்பில் ஏலியன் பெரேரா என்பார், பொப்பி மலருக்குப் பதிலாக இந்நாட்டு மலரொன்றை விற்று, அப்பணத்தை இந்நாட்டவருக்கே கொடுக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். சிங்களத்தில் சூரிய மல் எனப்பட்ட அம்மலர் தமிழர் வேலியோரத்தில் எங்கும் காணும் பூவரசம்பூவே. இரண்டாண்டுகளின்பின் இளைஞர் அவ்வியக்கத்தைக் கையேற்றனர். அது அரசியல் இயக்கமாக வளர்ந்து, 1934-35இல் மலேரியாக் காய்ச்சல் பரவிய காலத்தில் துயர் துடைக்கும் பணியிலும் ஈடுபட்டுப் புகழ் பெற்றது. ஆயினும் அதன் வேரில் இருந்த வினா, போரிற் சேவை செய்துவிட்டு வறுமையுற்றவன் எந்நாட்டுக் கணக்கில் எழுதப்படுவான் என்பதே.

இரண்டாம் உலகப் போரில் அவ்வினா திருக்கோணமலைக்கே நேரே வந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இந்து சமுத்திரத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு இத்துறைமுகம் பெருந்துணையாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. தாக்குதலுக்குப்பின் நகரத்து மக்கள் பலர் ஊரைவிட்டு ஓடினர். ஆயினும் தளம் மீண்டும் எழுந்தது. 1944இல் கீழைக் கடற்படை இங்கே திரும்பிற்று. காவற்பீரங்கிகளை இயக்கவும், கண்ணி வாரவும், சுமை தூக்கவும், கப்பல் பழுது பார்க்கவும் இந்நாட்டவர் பல்லாயிரவர் சேர்க்கப்பட்டனர். 1938இல் தோன்றிய இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை கண்ணிவாரும் கப்பல்களிற் சேவை செய்தது. இலங்கையர் சிலர் தொழிற்படை அணிகளிற் சேர்ந்து மத்திய கிழக்கு வரையுஞ் சென்றனர்.

போர் முடிந்தது. 1946 அளவில் அப்படைகளிற் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. போர்க்காலத்துக்கு மட்டும் சேர்ந்தவர்களாதலின் அவர்களிற் பலருக்கு நெடுஞ்சேவைக்குரிய உபகாரச் சம்பளம் இல்லை. கையிற் கிடைத்த சிறு தொகையோடு அவரவர் ஊருக்கு மீண்டனர். நிலாவெளி வீதியோரத்திலுள்ள போர்க்கால மயானத்தில் ஏறக்குறைய முந்நூறு பேர் துயில்கின்றனர். ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த கல் உண்டு. அதனை என்றும் பேணப் பொதுநலவாய நாடுகளின் ஆணையம் ஒன்றும் உண்டு. உயிரோடு திரும்பியவனுக்கு அத்தகைய உறுதி எதுவும் எழுதிக் கொடுக்கப்படவில்லை. 1921இல் நிறுவப்பட்ட பொதுநலவாய முன்னாட் படையினர் சங்கக் கூட்டமைப்பு, முடியாட்சியின்கீழ்ச் சேவை செய்து முதுமையில் வறியரானோருக்குப் பல நாடுகளிலும் உதவி வந்துள்ளது. போர் முடிந்து எழுபது ஆண்டுகளின் பின்னரும் அவ்வுதவி வேண்டியிருந்தமையே பொருள் செறிந்த செய்தியாகும்.

இனி 1957ஆம் ஆண்டுக்கு வருவோம். இவ்விடயத்தில் திருக்கோணமலை தரும் பாடங்களுள் தலையாயது அவ்வாண்டுக்குரியது. 1947இல் செய்யப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, சுதந்திரத்துக்குப் பின்னரும் பிரித்தானியர் இத்தளத்தை ஆண்டு வந்தனர். பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசு நடத்திய பேச்சுக்களின் பயனாக 1957 அக்டோபர் 15இல் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. நாடு மகிழ்ந்தது, மகிழ்ந்ததும் முறையே. ஆனால் கொடி இறங்கியபோது ஊதியமும் இறங்கிற்று. ‘டொக்யாட்’ என்று ஊரார் வழங்கும் கடற்படைத் தொழிற்றளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். சீருடை அணியாவிடினும் அவர்கள் கடற்படையின் சேவையிலேயே காலங்கழித்தவர்கள். தளத்தோடு ஒட்டியிருந்த தொழில் போனதும், அத்தொழிலை ஒட்டியிருந்த வாழ்விடமும் நிலையற்றதாயிற்று.

அவர்களுள் ஏறக்குறைய 400 தமிழ்க் குடும்பங்களைப் பதவியாக் குடியேற்றப் பகுதியில் இருத்த அரசு எண்ணிற்று. பதவியா, அநுராதபுர மாவட்டத்தின் வடகிழக்கெல்லையில், திருக்கோணமலை மாவட்டத்தை அடுத்து உள்ளது. பழைய குளமொன்றைத் திருத்தி வயல் வகுத்த இடம். காணியின்றித் தவித்த சிங்களத் தொழிலாளரும் அதே நிலத்தின்மேற் கண் வைத்திருந்தனர். டொக்யாட் குடும்பங்கள் வரப்போவதை அறிந்ததும் அவர்கள் அங்கே புகுந்து குடிசை போட்டனர். எதிர்ப்பு மூண்டது, திட்டம் தடைப்பட்டது. அவ்வாண்டுகளில் மொழிப்பிரச்சினையால் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த நாட்டில் இதுவும் ஒரு விறகாயிற்று. 1958 மே மாதத்தில் வெடித்த கலவரத்தைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் தார்சி வித்தாச்சி, அதன் முன்னோடிகளுள் ஒன்றாகப் பதவியா நிகழ்ச்சியையும் எடுத்துரைத்துள்ளார்.

இந்நிகழ்ச்சியை இனப்பகையின் கதையாக மட்டும் வாசித்தல் எளிது. சற்று ஊன்றி நோக்கினால் அதனுள் வேறோர் உண்மை உண்டு. தளம் மூடப்படும் என்பது உடன்படிக்கை செய்த நாளிலேயே தெரிந்திருந்தது. பீரங்கி, களஞ்சியம், எண்ணெய்த் தாங்கி ஒவ்வொன்றும் யாரிடஞ் சேரும், என்ன விலைக்குச் சேரும் என்று எழுதப்பட்டது. தொழிலாளன் குடும்பம் எங்கே சேரும் என்பது அத்துணைத் தெளிவாக எழுதப்படவில்லை. வேலை போனபின்னரே இடம் தேடப்பட்டது. தேடிய இடமும், தம்மைப் போன்றே காணியற்ற வேறொரு கூட்டம் காத்திருந்த இடமாயிற்று. வீடின்மையைத் தீர்க்க முனைந்த செயல், வீடற்ற இருசாராரை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்திற்று.

பிற்காலத்துக்கு வரும்போது படைவீரன் என்னும் சொல் மேலும் சிக்கலாகின்றது. 2009 மேயில் உள்நாட்டுப் போர் முடிந்தது. அதற்கு முன்பே 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை நிறுவப்பட்டது; படையினர், முன்னாட் படையினர், அவர்தம் குடும்பத்தினர் ஆகியோரின் நலன் பேணுவது அதன் கடமை. 2008இல் படையினருக்கு வீடு கட்டிக் கொடுக்கவென ஒரு தேசிய நிதியமும் சட்டத்தால் அமைக்கப்பட்டது. இவற்றாற் பயன்பெற்றோர் பலர். ஆயின் பட்டியலுக்குள் வந்தவரே பயன்பெற்றனர். பட்டியலின் ஓரத்தில் நிற்பவர் யாவர்?

முதலாவது, குறைந்த சேவைக்காலம் உடையோர். முப்படையிற் சாதாரண தரத்தினர் முழு ஓய்வூதியம் பெற 22 ஆண்டுகள் சேவை செய்தல் வேண்டும். அங்கவீனமுற்றோருக்கு 12 ஆண்டு என்ற எல்லை வழக்கில் இருந்தது. அவ்வெல்லையை அடையுமுன் காயமுற்று விலகியோர் ஓய்வூதியம் கோரி 2017 நவம்பரில் கொழும்பில் மறியல் செய்தமையை நாடறியும். கால் இழந்தவன் பன்னிரண்டாம் ஆண்டில் இழந்தானா பதினோராம் ஆண்டில் இழந்தானா என்பது ஊன்றுகோலுக்குத் தெரியாது; கணக்குப் புத்தகத்துக்குத் தெரியும்.

இரண்டாவது, அனுமதியின்றிப் படையை விட்டு நீங்கியோர். போர்க்காலத்தில் அத்தகையோர் பல பத்தாயிரவர் இருந்தனர். பொதுமன்னிப்புக் காலங்கள் பலமுறை அறிவிக்கப்பட்டன. இவர்கள் தம்மை முன்னாட் படையினர் எனச் சொல்லிக்கொள்ளவே அஞ்சினர். கைது அச்சத்தால் நிலையான முகவரி இன்றி அலைந்தோர் எந்தத் தலைக்கணக்குக்குள்ளும் அகப்படார்.

மூன்றாவது, எல்லைக் கிராமங்களைக் காத்த ஊர்காவற் படையினர் போன்றோர். நான்காவது, எதிர்ப்பக்கத்தில் ஆயுதந்தாங்கி நின்று, போருக்குப்பின் புனர்வாழ்வு நிலையங்களினூடாக விடுவிக்கப்பட்ட ஏறக்குறைய 12,000 பேர். இவர்களைப் படைவீரர் என்னுஞ் சொல்லால் அழைப்பதை ஒப்பாதோர் உளர். அச்சொல் யாருக்கு உரியது என்பது அரசியல் வழக்கு. ஆயின் ஆயுதத்தை வைத்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞனுக்குத் தந்தையின் வீடு இடிந்து கிடந்தால், அவன் அன்றிரவு எங்கே படுப்பான் என்பது அரசியல் வழக்கன்று.

இவ்விடத்து மற்றொன்றையும் கருதல் வேண்டும். திருக்கோணமலை இன்று இலங்கைக் கடற்படையின் கிழக்குத் தலைமையகம். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர் இங்கே வந்து பயிற்சி பெறுகின்றனர், சேவை செய்கின்றனர், முடிவில் தத்தம் ஊருக்கு மீள்கின்றனர். ஆதலின் துறைமுகத்திலிருந்து புறப்படும் வீடின்மை, குருநாகலையிலோ மொனராகலையிலோ ஒரு சிற்றூரிற் சென்று தங்கக்கூடும். துறைமுகத்தில் மட்டும் எண்ணினால் அது தோன்றாது; சிற்றூரில் எண்ணினால் அது வெறும் கிராமிய வறுமையாகத் தோன்றும். படைச்சேவைக்கும் அதற்குமுள்ள தொடர்பு இடைவழியில் அறுந்துபோகின்றது.

இனிக் காரணத்தைப் பற்றிய விவாதம். இதில் மூன்று கட்சிகள் உள.

முதற்கட்சியார் கூறுவது, போர் மனத்தை உடைக்கின்றது என்பதாகும். வெடியொலி கேட்டவன் உறக்கம் இழக்கின்றான். உறக்கம் இழந்தவன் மதுவை நாடுகின்றான். மது குடும்பத்தைப் பிரிக்கின்றது. குடும்பம் பிரிந்தவன் வீட்டை இழக்கின்றான். இதனை மறுப்பதற்கில்லை. வைத்தியரும் சமூக ஊழியரும் பன்னாட்டிலும் இவ்வழியைக் கண்டுள்ளனர்.

இரண்டாங்கட்சியார் கூறுவது, வீடற்றுப் போனவன் படையிற் சேருமுன்பே வறியவன் என்பதாகும். யேல் பல்கலைக்கழகத்து மருத்துவர் றொபேட் றோசன்ஹெக் முதலியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சார்பாக எடுத்துக்காட்டப்படும். வியட்னாம் போரிற் பொருதிய தலைமுறையினரைவிட, அப்போர் முடிந்தபின் கட்டாயச் சேர்ப்பு நீங்கிய காலத்திற் படையிற் சேர்ந்த தலைமுறையினரே வீடற்றுப் போகும் ஆபத்துக்குப் பெரிதும் உள்ளாயினர் என்று அவ்வாய்வு கண்டது. அவர்களுட் பெரும்பாலோர் போர்க்களமே காணாதவர். வேறு தொழில் கிடையாமையாற் படையிற் சேர்ந்த ஏழை இளைஞர் படையை விட்டபோதும் ஏழைகளாகவே நின்றனர்.

மூன்றாங்கட்சியார், காரணம் போரிலும் இல்லை, பிறப்பிலும் இல்லை. படையை விட்டு நீங்கும் முறையிலேயே உள்ளது என்பர். படைமுகாம் ஒருவனுக்குக் கட்டில் தருகின்றது; உணவு தருகின்றது; உடையும் மருந்தும் தருகின்றது. பதினெட்டு வயதிற் புகுந்தவன் வாடகை கொடுத்தறியான்; காணிக் கந்தோர் வாயிலை மிதித்தறியான். விலகும் நாளில் இவையனைத்தும் ஒரே மாலையில் அவனை விட்டு நீங்குகின்றன. அமெரிக்க அனுபவத்தை இவர்கள் சான்றாகக் காட்டுவர். அந்நாட்டில் 2008 முதல், வாடகைச் சீட்டும் அதனோடு துணையாக ஓர் ஊழியரின் கவனிப்பும் முன்னாட் படைவீரருக்குப் பெருமளவில் வழங்கப்பட்டன. 2010இற்கும் 2024இற்கும் இடையில் எண்ணிக்கை பாதிக்குங் குறைவாக வீழ்ந்தது. அக்காலத்தில் அந்நாடு போரை விட்டிருக்கவில்லை, மனக்காயங்களும் குறைந்துவிடவில்லை. மாறியது வீடு கொடுக்கும் ஏற்பாடே. ஆயினும் முதற்கட்சியார் இதற்கு விடையிறுப்பர்: வாடகைச் சீட்டோடு சிகிச்சையும் கவனிப்பும் சேர்ந்தே சென்றன; சீட்டு மட்டும் சென்றிருந்தால் பயன் பாதியாயிருக்கும். இவ்விடையிலும் நியாயம் உண்டு.

திருக்கோணமலையின் வரலாற்றை இம்மூன்று கட்சிகளுக்கும் முன் வைத்தால் என்ன தீர்ப்புக் கிடைக்கும்? 1946இற் கலைக்கப்பட்ட தொண்டனும், 1957இல் வேலையிழந்த டொக்யாட் தொழிலாளனும், பன்னிரண்டாம் ஆண்டுக்கு முன் காயமுற்று விலகியவனும் மனநிலையால் வேறுபட்டவர்கள். குலத்தாலும் மொழியாலும் வேறுபட்டவர்கள். டொக்யாட் தொழிலாளன் துப்பாக்கியே தூக்காதவன். மூவருக்கும் பொதுவானது ஒன்றே: இருப்பிடமும் ஊதியமும் சேவையோடு கட்டப்பட்டிருந்தன, சேவை அறுந்தபோது இரண்டும் ஒருங்கே அறுந்தன. ஆகவே இத்துறைமுகத்தின் சான்று மூன்றாங்கட்சியின் பக்கமே சாய்கின்றது எனலாம். மனக்காயமும் முன்னை வறுமையும் விழுபவன் யார் என்பதைத் தீர்மானிக்கக்கூடும். விழும் பள்ளத்தை வெட்டியது சேவையின் முடிவே.

இங்கே நாட்டுக்குரிய காரணம் ஒன்றும் கூடுகின்றது; அது காணி. இலங்கையின் நிலத்திற் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அரசுக்குரியது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவனே அதில் உரிமையோடு குடியிருக்கலாம். பத்திரம் இன்றிக் கல்வீடு கட்டினாலும், 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டத்தின்படி அறிவித்தல் கொடுத்து, நீதவான் கட்டளை பெற்று அவனை வெளியேற்றலாம். திருக்கோணமலையில் இச்சிக்கல் இரட்டிப்பாகும். 1983 முதலான ஆண்டுகளில் வீடுகள் எரிந்தபோது உறுதிகளும் எரிந்தன. 2004 டிசம்பர் 26இற் கடல் பொங்கி வந்தபின், கிழக்குக் கரையில் 200 மீற்றர் அகலத்துக்கு மீண்டும் வீடு கட்டலாகாது என்ற தடை சிறிது காலம் விதிக்கப்பட்டிருந்தது. துறைமுகத்தையும் தளங்களையும் சூழ்ந்த நிலமோ பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டது. இத்தகைய மாவட்டத்திற் கையிற் பணம் உள்ளவனுக்கும் தெளிவான உறுதியுள்ள ஒரு துண்டு நிலம் எளிதிற் கிட்டாது. பணமும் பத்திரமும் இல்லாத முன்னாட் படையினன் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

எனவே செய்யத்தக்கது யாது? தொகையைப் பற்றிய வாதம் முடியட்டும் எனக் காத்திருத்தல் வேண்டா. வீடற்றுப் போனவனைத் தெருத்தெருவாகத் தேடி எண்ணுவது கடினம். வீடற்றுப் போகக்கூடியவனை அறிவதோ எளிது. ஏனெனில் அவன் ஒருநாள் முகாமின் வாயிலில் நின்று, விலகற் பத்திரத்திற் கையொப்பம் இட்டே செல்கின்றான். அவ்வாயிலில் மூன்று கேள்விகள் கேட்கப்படுமாயின் பெரும்பயன் விளையும். இன்றிரவு எங்கே படுப்பாய்? அவ்வீடு நிற்கும் நிலம் யார் பெயரில் உள்ளது? அடுத்த மாதம் கையில் என்ன வரும்? இவற்றுக்கு விடையில்லாதவன் யாராயினும், அவன் சேவைக்காலம் இருபத்திரண்டாயினும் இரண்டாயினும், அவன் பெயர் பிரதேச செயலகத்துக்குச் செல்லல் வேண்டும். காணி அனுமதிப்பத்திரமோ, வாடகை உதவியோ, வைத்திய உதவியோ அவன் விலகும் நாளுக்கு முன்னரே ஆயத்தமாதல் வேண்டும்.

பதவியாவின் பாடத்தையும் மறத்தலாகாது. ஒரு கூட்டத்துக்கு நிலம் கொடுக்கும்போது, அதே நிலத்துக்குக் காத்திருக்கும் மற்றக் கூட்டத்தையும் ஒருங்கே கருதாவிடின், ஒருவன் கூரை மற்றவன் கண்ணில் முள்ளாகும். முன்னாட் படையினனுக்கு வீடு கொடுத்தல் நன்றிக்கடன். அவன் அயலானுக்கும் வீடு இருக்கச் செய்தல் அக்கடனைப் பகையின்றித் தீர்க்கும் வழி.

1957 அக்டோபரில் இத்துறைமுகம் கைமாறியபோது பொருட்களின் பட்டியல் செம்மையாக எழுதப்பட்டது. மனிதரின் பட்டியல் பிந்திற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பட்டியலை முன்னதாக எழுதும் வழக்கம் முழுமையாக வரவில்லை. இனி ஒரு முகாம் மூடப்படும்போதோ, ஓர் அணி குறைக்கப்படும்போதோ, முதல் ஏட்டில் எழுதப்படுவது விலகிச் செல்பவனின் பெயரும் அவன் செல்லும் வீட்டின் முகவரியுமாக இருத்தல் வேண்டும். முகவரிக்குரிய இடம் வெறுமையாக உள்ள ஒவ்வொரு வரியும் தொகையைப் பற்றிய விவாதத்துக்குச் சரியான விடையாகும். அவ்வெறுமையை நிரப்புவது அரசின் வேலையாகும்.